கராச்சர்மா கழிகளில் ஓர் ஓடப் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே புலவர் பெருமக்கள் பேசுவது வழக்கம். இம்முறை செயற்குழுவினர் என்ன எண்ணினரோ, பயணச்சீட்டுகளோடும் சரக்குப் பட்டியல்களோடும் நாளெல்லாம் மன்றாடும் எங்களை அழைத்துவிட்டனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர்களாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்களிடம் இலக்கிய நயத்தை எதிர்பார்க்க வேண்டா. கண்டதைக் கண்டவாறு கூறுவோம்; எங்கள் பிழையையும் மறையாது கூறுவோம். அந்த ஒன்றுக்காகவேனும் எங்கள் உரையைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் இக்காலனியைச் சேர்ந்த நாங்கள் மூவர் அந்தமானுக்குச் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். எங்களுள் ஒருவரின் மைத்துனர் அங்கே கராச்சர்மா என்னும் ஊரிலே குடும்பத்தோடு வாழ்கிறார். "அத்தான், மழைக்காலத்தில் வராதீர்கள், கடல் கொந்தளிக்கும்" என்று அவர் எழுதியிருந்தார். விடுப்பு கிடைக்கும் காலத்தில்தானே எழுத்தன் பயணம் போக முடியும்? கொல்கத்தாவின் கிதர்பூர்த் துறையிலே கப்பலேறினோம். நான்காம் நாள் தீவின் பசுமை கண்ணுக்குத் தெரிந்தபோது, வயிற்றிலே ஒன்றும் தங்காதிருந்த எங்களுக்கு உயிர் மீண்டது.

அந்தமான் தமிழர்க்குப் புதிய நாடன்று. 1025-ஆம் ஆண்டளவில் கங்கைகொண்ட சோழன் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். அவனுடைய மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று கூறுவது நிக்கோபார்த் தீவுகளையே என்பது அறிஞர் கருத்து. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேர் நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றியது. அந்நகரை விட்டுத் தீவின் பெருஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் சிறிது தொலைவில் வருவது கராச்சர்மா. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பது இங்கேதான். கடைவீதியிலே தமிழும் வங்காளியும் தெலுங்கும் இந்தியும் ஒரே தராசில் நிறுக்கப்படுவது போலத் தோன்றும். தண்டவாளம் என்பதே இல்லாத தீவு அது. ரயில்வேக்காரர்களாகிய எங்களை அவ்வூர்ச் சிறுவர்கள் விந்தை மனிதர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "ரயில் எத்தனை பெட்டி நீளம் இருக்கும், மாமா?" என்று கேட்டவனுக்கு விடை சொல்லவே ஒரு மாலைப்பொழுது சென்றது.

கராச்சர்மாவைக் கடந்து மேலும் சென்றால் சிப்பிகாட். சாலையின் இருமருங்கிலும் ஏரி போலத் தண்ணீர் பரந்து கிடக்கிறது. நடுநடுவே பட்டுப்போன தென்னைகள் முடியிழந்து நிற்கின்றன. அந்தமானையே தாயகமாகக் கொண்ட கிளுவை வாத்துகள் அங்கே மேய்கின்றன. பறவை பார்க்கும் ஆர்வலர்கள் பலர் வருகின்றனர். "அழகான ஏரி" என்றோம் நாங்கள். மைத்துனர் சிரிக்கவில்லை. "இது ஏரி இல்லை, அத்தான். கழனி" என்றார்.

அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்வோம். இவ்விடத்தில் ஓடத்தில் ஏறி, கழிகளின் வழியே பிளாட் பே என்னும் உள்விரிகுடா வரை சென்று திரும்ப வேண்டும் என்று எங்களுக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. மைத்துனர்க்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஓடம் வைத்திருந்தார். எழுபது வயதைத் தொட்டவர். இராமநாதபுரத்துப் பக்கம் பிறந்தவர். இளமையிலேயே கப்பலேறி வந்து அந்தத் தீவிலேயே வேர்விட்டவர். ஊரார் டுங்கி என்று அழைக்கும் சிறு மர ஓடம் அவருடையது. அடிப்பாகம் ஒரே மரத்தைக் குடைந்தது; பக்கங்களைப் பலகை வைத்து உயர்த்தியிருந்தார். இரண்டு துடுப்பு, ஒரு மூங்கிற் கழை, நீர் இறைக்க ஒரு பழைய எண்ணெய் டப்பா. இவ்வளவே அதன் தளவாடம்.

குடைந்த மரத்திலே கடலை ஆள்வது அந்தத் தீவுகளுக்குத் தொன்றுதொட்டு வந்த கலை. நிக்கோபார் மக்களின் ஹோடி என்னும் தோணிக்கு ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை உண்டு. இரு கொம்புகளால் பிணைத்த அந்தக் கட்டை, அலை புரட்ட வரும்போது தோணியைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தமானின் ஓங்கே மக்களும் அவ்வகைத் தோணியைச் செய்து பழகியவர்கள். ஜாரவாக்களோ தோணி செய்யும் வழக்கமில்லாதவர்கள். கழிகளைக் கடக்கத் தெப்பம் கட்டுவார்கள். நம் கரையோர மக்களின் கட்டுமரம் ஆங்கில அகராதியிலே இடம்பெற்றிருப்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு உடன்பிறந்தார் பலர் உண்டு என்பதை அங்கே கண்டோம்.

பெரியவர் முதல் நாளே எங்களிடம் திட்டமாகச் சொன்னார்: "நாளை மறுநாள் அமாவாசை. காலை ஏழரைக்கு ஓதம் நிறையும். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். நிறைநீரில் வெளியே போய், பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். நண்பகலுக்குமேல் கழியிலே சேறுதான் இருக்கும்."

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வடிகிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் மிகுதி, வடிதலும் மிகுதி. இதை நாங்கள் பள்ளியிலே படித்ததுண்டு. ஆனால் படித்தது வேறு. அதன்படி எழுந்திருப்பது வேறு! அந்தத் தீவிலே ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது புலர்ந்துவிடுகிறது. எழுந்தோம்; காப்பி அருந்தினோம்; தங்கை இட்டலி அவித்தாள்; மழைச்சட்டை தேடினோம்; மற்றொரு முறை காப்பி அருந்தினோம். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. வண்டி ஐந்து நிமிடம் தாமதமானாலும் பயணிகளிடம் ஏச்சு வாங்கும் நாங்கள், ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிட்டு நின்றோம். பெரியவர் ஒரு சொல்லும் கூறவில்லை. வானத்தை ஒருமுறை பார்த்தார், நீரை ஒருமுறை பார்த்தார், ஓடத்தைத் தள்ளினார்.

முதல் அரை மணி நேரம் அந்தப் பரந்த நீரின் மேலே சென்றோம். ஓடத்தின் கீழே இரண்டு மூன்று முழ ஆழமே இருக்கும். அப்போதுதான் அவர் பேசினார். "இப்போது நாம் போவது என் மேல் வயல். அதோ அந்த மொட்டைத் தென்னை நிற்கிறதே, அங்கே களம் இருந்தது."

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு, சுமத்ராவின் கரைக்கு அப்பால் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. ஆழிப்பேரலை நம் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் வாரிக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. நிக்கோபார்த் தீவுகளின் அழிவு அதனினும் கொடிது. ஆனால் அலை வந்து போனபின்னும் ஓர் இழப்பு நீங்காமல் நின்றதைப் பலர் அறியார். நிலநடுக்கத்தால் தரையே இறங்கிவிட்டது. தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தென்கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. வட அந்தமானின் சில கரைகளோ மேலெழுந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. ஒரு தட்டு இறங்க ஒரு தட்டு ஏறும் தராசைப் போல நிலம் அசைந்துவிட்டது.

ஒரு மீட்டர் என்பது நமக்கு அற்பம். கடலோரக் கழனிக்கு அதுவே வாழ்வும் சாவும். அன்று முதல் ஒவ்வோர் ஓதத்திற்கும் உப்புநீர் சிப்பிகாட் வயல்களிலே ஏறியது. மீண்டும் மீண்டும் ஏறியது. நெல் கருகியது; தென்னை பட்டது; கழனி கழியாயிற்று. உவரைத் தாங்கும் நெல்வகைகளைக் கராச்சர்மா ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தனர். எப்பொழுதாவது உப்பேறும் நிலத்துக்கு அந்நெல் உதவும். நாளுக்கு இருமுறை கடல் வந்து நிற்கும் நிலத்துக்கு எந்த நெல் உதவும்?

"நிவாரணப் பணம் ஏதும் கிடைத்ததா, ஐயா?" என்று எங்களுள் கணக்குப் பிரிவு நண்பர் வினவினார். "பணம் கொஞ்சம் வந்தது, தம்பி. மண் வரவில்லை" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

வயலைக் கடந்து கழிக்குள் நுழைந்தோம். இருகரையிலும் கண்டல் மரங்கள் நீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஆனால் பிச்சாவரம் ஒரு தோப்பு என்றால் இது பெருங்காடு. அந்தமான் நிக்கோபாரில் இத்தகைய அலையாத்திக் காடு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் உண்டு. தானி என்று அங்கே வழங்கும் ஒருவகைப் பனை சேற்றிலிருந்து நேரே ஓலை விடுகிறது; அதனால் கூரை வேய்வார்கள். ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டிய நண்பரைப் பெரியவர் தடுத்தார். "அது தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும்." தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பெயர் தந்த மரம்! ஊர்விட்டு ஊர் வந்த தமிழனைப் போல அதுவும் இங்கே உப்புநீரிலே நிற்கிறது என்று மகிழ்ந்தோம். "கையை நீரிலும் விடாதீர்கள்" என்றும் சொன்னார். அக்கழிகளிலே உவர்நீர் முதலை உண்டு.

கழி அகன்று விரிகுடாவிலே கலந்தது. வடக்கே தொலைவில் குன்றுகள். கிழக்கே துறைமுகத்தை நோக்கிய பக்கத்தில் வைப்பர் தீவு இருக்கிறது என்றார். 1789-ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேர் வந்த கப்பலின் பெயர் பெற்ற தீவு அது. 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் வைசிராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலியை மார்ச்சு மாதத்தில் அத்தீவிலேதான் தூக்கிலிட்டனர். அதைக் கண்ணால் கண்டே திரும்ப வேண்டும் என்று எங்களுக்கு ஆவல் மிகுந்தது.

பெரியவர் தென்மேற்கைக் காட்டினார். அங்கே வானம் ஈயம் போலக் கறுத்திருந்தது. "வேண்டாம். திரும்புவோம்" என்றார்.

இங்கேதான் எங்கள் குற்றம். "ஐயா, ஒரு மணி நேரந்தானே! கூடுதலாக என்ன வேண்டுமோ தருகிறோம்" என்றோம். காசைக் காட்டிப் பேசினோம். வீட்டுக்கு வந்த விருந்தினர் மனம் கோணக்கூடாது என்று மைத்துனரும் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் எங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் துடுப்பை இட்டார். அறிந்தவன் சொல்லை அறியாதவன் பணத்தால் வெல்வதைப் போன்ற மடமை வேறில்லை.

அரை மணி ஆகவில்லை. காற்று முதலில் காதிலே பட்டது. பிறகு நீரிலே பட்டது. மழை வந்தது என்று சொன்னால் போதாது. மழை நிமிர்ந்து விழவில்லை, படுத்துக்கொண்டு வந்தது. கரை, குன்று, தீவு எல்லாம் மறைந்தன. அலை ஓடத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. "எல்லோரும் கீழே உட்காருங்கள்! பலகையில் வேண்டாம், அடியில்!" என்று பெரியவர் முழங்கினார். அந்த முதிய உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என நாங்கள் எண்ணவில்லை. முழங்கால் நீரில் அமர்ந்தோம். ஒருவர் டப்பாவால் நீர் இறைக்க, மற்றவர் கையால் இறைக்க, மைத்துனர் இரண்டாம் துடுப்பை எடுத்தார். அலைக்குப் பக்கத்தைக் காட்டினால் கவிழும். முகத்தைக் காட்டினால் நகராது. பெரியவர் இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஓடத்தை நிறுத்தி, சிறிது சிறிதாக மரக்கூட்டம் இருந்த கரையை நோக்கிக் கொண்டுசென்றார். எங்களுள் ஒருவர் முருகனை அழைத்தார். ஒருவர் மனைவி மக்களின் பெயரைச் சொன்னார். ஒருவர் வாய் திறக்கவே இல்லை. யார் எது செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.

ஒரு சிறு கழியின் வாயிலே புகுந்ததும் காற்று தலைக்குமேலே போயிற்று. பிழைத்தோம் என்று மகிழ்ந்தோம். ஆனால் மழை ஓய்ந்து பார்த்தபோது ஓதம் வடிந்துவிட்டிருந்தது. ஓடம் சேற்றிலே அமர்ந்தது. சுற்றிலும் கரிய சேறு. இறங்கினால் இடுப்பளவு புதையும். எதிர்க்கரைச் சேற்றிலே ஏதோ வயிற்றால் இழுத்துச் சென்ற தடம் ஒன்று வழவழப்பாக நீரை நோக்கி இறங்கியிருந்தது. "முதலையா?" என்றோம். "நாம் ஓடத்தைவிட்டு இறங்காத வரை அதைப் பற்றிக் கவலை இல்லை" என்றார் பெரியவர்.

நண்பகல் முதல் மாலை வரை அங்கேயே கிடந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கைப்பேசிகள் நனைந்து ஊமையாயின. நீரில் ஊறிய நான்கு இட்டலிகளை ஐவரும் பகிர்ந்தோம். பெரியவர் தம் பங்கில் பாதியை, நடுங்கிக்கொண்டிருந்த எங்கள் நண்பருக்குத் தந்தார். நாங்கள் காலையில் காப்பி குடித்த ஒன்றரை மணி நேரம் அங்கே சேறாகப் பரந்து கிடந்ததைப் பார்த்தோம். எங்கள் ஊர் அட்டவணையை மனிதர் எழுதுகின்றனர், தவறினால் திருத்திக்கொள்ளலாம். கடலின் அட்டவணையிலே திருத்தம் இல்லை. "ஐயா, எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றோம். "மழை பெய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். வேண்டுமென்றே குற்றத்தை மழையின்மேல் ஏற்றிவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

நீர் மீண்டும் ஏறி ஓடத்தை மெல்லத் தூக்கியபோது ஐந்தரை மணிக்குமேல் ஆகிவிட்டது. அந்தத் தீவில் அதுவே பொழுது சாயும் நேரம். கழியின் வாயை விட்டு, கரையோரமாகவே ஊர்ந்து சிப்பிகாட் நீர்ப்பரப்பை அடைந்தபோது முற்றும் இருட்டு. அமாவாசைக்கு முந்திய இரவு, மேகமூட்டம், விண்மீன் ஒன்றுகூட இல்லை. மழை மறைப்பிலே சாலை விளக்குகளும் தெரியவில்லை. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் விரிகுடா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பெரியவர் துடுப்பை வைத்துவிட்டுக் கழையை எடுத்தார். நீருக்குள் ஊன்றினார், எடுத்தார், மீண்டும் ஊன்றினார். சேறு, சேறு, சேறு. பிறகு ஓரிடத்திலே கழை தட்டென்று நின்றது. அவர் மூச்சை இழுத்துவிட்டது எங்களுக்குக் கேட்டது.

"வரப்பு" என்றார்.

அந்த வரப்பின் மேலே கழையைத் தட்டித் தட்டி ஓடத்தைச் செலுத்தினார். சிறிது தொலைவில் அது வளைந்தது, ஓடமும் வளைந்தது. "இங்கே ஒரு மடை. இதைத் தாண்டினால் பெரிய வரப்பு. அது நேரே சாலைக்குப் போகும்" என்று இருட்டிலே தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இருபது ஆண்டுகளாக நீருக்கடியில் கிடக்கும் நிலம்! கரைந்தது போக எஞ்சிய அந்த மண் மேட்டை அவர் கை மறக்கவில்லை. தன்னை உழுதவனை அந்த மண்ணும் மறக்கவில்லை என்றே எங்களுக்குத் தோன்றியது. கால் மணி நேரத்தில் ஓடத்தின் மூக்கு சாலைச் சரிவிலே முட்டியது. மேலே கைவிளக்குகளோடு தங்கையும் அக்கம்பக்கத்துத் தமிழரும் வங்காளிகளும் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

கரையேறியதும் பேசிய தொகைக்கு மேலாகப் பணம் நீட்டினோம். அவர் பேசிய தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். பிறகு, "இத்தனை நாள் அந்த வரப்பு எதற்கும் உதவாமல் கிடந்தது, தம்பி. இன்றைக்கு உதவியது" என்றார். அவர் முகத்தை இருட்டிலே நாங்கள் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதது நன்றே.

பெரியோர்களே! இந்தப் பயணத்தை ஒரு வீரச்செயலாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களிடம் வீரம் இருந்ததில்லை, பிடிவாதம் இருந்தது. புதிய ஊருக்குப் போனால் அவ்வூரின் காற்றையும் நீரையும் அறிந்தவர் சொல்லுக்குப் பணிய வேண்டும் என்பதை உயிரை வைத்துக் கற்றோம். பிறந்த மண்ணை விட்டு வந்து குவார்ட்டர்ஸ்களிலே வாழும் நாம், "நமக்கு இங்கே என்ன இருக்கிறது? ஓய்வு பெற்றால் ஊருக்குப் போய்விடுவோம்" என்று அடிக்கடி பேசுகிறோம். அந்தப் பெரியவருக்கும் இராமநாதபுரத்திலே ஊர் உண்டு. ஆனால் அவர் உழுத மண் நீருக்கடியில் இருக்கிறது. அதன் மேலேயே ஓடம் ஓட்டிப் பிழைக்கிறார். ஒருவன் தன் உழைப்பை இட்ட இடமே அவனுக்கு ஊர் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. கழையால் தட்டிக் காட்டினார்.

வருகிற டிசம்பர் 26-ஆம் நாள் நம் சங்கத்திலே ஒரு விளக்கேற்றி, அலையில் மாண்டவரையும் அலைக்குப்பின் மண் இழந்தவரையும் நினைக்க வேண்டுமென்று செயற்குழுவினரைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறோம். மேலும் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழா மாலை ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டால், ஆறு மணிக்கே தொடங்குவோம். காப்பியைப் பிறகு குடிக்கலாம்.